தலைப்புகளைக் கோக்கும் மேக்ரோ

நீலகிரியைப் பற்றிய பழைய நூல்களில் என் கை அடிக்கடி போவது டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்த மாவட்டக் கெசட்டியருக்கு. சென்னை அரசு அச்சகத்தில் 1908இல் அச்சானது. எடுத்ததும் முதலில் வாசிப்பது அதன் பொருளடக்கத்தைத்தான். மொத்தம் 15 அத்தியாயங்கள். நிலத்தின் அமைப்பில் தொடங்குகிறது. அரசியல் வரலாறு, மக்கள், வேளாண்மை, காடு, தொழிலும் வணிகமும், பாதைகள், மழையும் பருவமும், பொதுச் சுகாதாரம், கல்வி என்று நடக்கிறது. பிறகு நிலவரி, உப்பும் ஆப்காரி என்ற மதுவரியும், நீதி நிர்வாகம், உள்ளாட்சி என்று கச்சேரிக் காரியங்களுக்குள் நுழைகிறது. கடைசி அத்தியாயத்தில் குன்னூர், கூடலூர், உதகமண்டலம் எனத் தாலுகா வாரியாக ஊர்களைச் சொல்லி நிற்கிறது.

ஒவ்வொரு அத்தியாயப் பெயருக்குக் கீழேயும் அதற்குள் வரும் சிறுதலைப்புகள், நடுவே நீண்ட கோடுகள் இட்டு, ஒரே பத்தியாக ஓடுகின்றன. அதே பத்தி அத்தியாயத்தின் முகப்பில் மறுபடி வருகிறது. உள்ளே போனால் பக்கத்தின் ஓரத்தில், நாம் எந்தத் தலைப்பில் நிற்கிறோம் என்று மூன்றாம் முறையும் சொல்லப்படுகிறது. நூலுக்குள் போகாமலே இந்த முன்பக்கங்களை வாசித்தால், அந்த அரசாங்கம் மலையை எந்தக் கண்ணால் பார்த்தது என்பது விளங்கிவிடும். படகர், தோடர், கோத்தர், குறும்பர், இருளர் எல்லோருக்கும் சேர்த்து ‘மக்கள்’ என்று ஓர் அத்தியாயம். வருவாய்க்கு மட்டும் இரண்டு. தலைப்புகளின் வரிசையே இதைச் சொல்லிவிடுகிறது. பொருளடக்கத்தை ஒரு கலையாக நான் ரசிக்கத் தொடங்கியது இந்தப் பக்கங்களால்தான்.

அன்றைக்கு இதைக் கையால் செய்தார்கள். நூல் முழுவதையும் அச்சுக் கோத்து, பிழை திருத்தி, பக்கம் பிரித்த பிறகுதான் எந்தத் தலைப்பு எந்தப் பக்கத்தில் விழுகிறது என்று தெரியும். அதன் பிறகு பக்கம் பக்கமாகப் புரட்டி எண்களைக் குறித்து, அவற்றை ஈய எழுத்தில் கோக்க வேண்டும். நூலின் முதலில் நிற்கும் பகுதி கடைசியில்தான் பிறக்கும். முன்பக்கங்களுக்குச் சிறு ரோமன் எண்களைத் தனியாகக் கொடுக்கும் வழக்கம் நிலைத்ததற்கும் இது ஒரு முக்கியக் காரணம். முகவுரையும் பொருளடக்கமும் எத்தனை பக்கம் நீண்டாலும் நூலின் முதல் பக்கம் 1ஆகவே இருக்கும். ஏற்கெனவே அச்சான எதையும் அது தொந்தரவு செய்யாது.

இன்று குன்னூரிலும் ஊட்டியிலும் ஒரு டி.டி.பி. கடைக்கு வரும் கோப்புகளை எண்ணிப் பாருங்கள். கல்லூரி மாணவரின் புராஜெக்ட் ரிப்போர்ட், எஸ்டேட்டின் ஆண்டறிக்கை, கூட்டுறவுச் சங்கத்தின் தணிக்கை அறிக்கை, தேயிலைத் தொழிற்சாலையின் நடைமுறைக் கையேடு. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பொருளடக்கம் வேண்டும். நாளை காலைக்குள் வேண்டும். கடைசி நிமிடத்தில் நான்கு பக்கம் சேரும், இரண்டு பக்கம் போகும். அந்த இடத்தில் ஒரு மேக்ரோவை, அதாவது வேர்டு போன்ற மென்பொருளுக்குள் வேலைகளை வரிசையாகச் செய்து முடிக்கும் சிறு நிரலை, ஓட்டி, கண் இமைக்கும் நேரத்தில் எல்லா எண்களும் சரியாக வந்து உட்காருவதைப் பார்ப்பது எனக்கு இன்றும் சலிக்காத இன்பம். ஆனால் அந்த வேகத்தைவிட அதன் அடியில் இருக்கும் எண்ணம்தான் என்னை அதிகம் ஈர்க்கிறது. நல்ல பொருளடக்கத்தை யாரும் தனியாக எழுதுவதில்லை. அது நூலுக்குள்ளேயே இருக்கிறது. தலைப்பைத் தலைப்பு என்று அறிவித்து எழுதியிருந்தால், மேக்ரோ அதை வெளியே எடுத்து வைக்கிறது.

அறிவிப்பது என்றால் என்ன? பெரும்பாலான கோப்புகளில் தலைப்பு என்பது 16 பாயின்ட் தடித்த எழுத்து, அவ்வளவுதான். மனிதக் கண்ணுக்கு அது தலைப்பு. வேர்டுக்கு அது கொஞ்சம் பருத்த ஒரு வரி. அந்த வரியில் நின்று கன்ட்ரோல், ஆல்ட், 1 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அதற்கு ‘ஹெடிங் 1’ என்ற தகுதி, வேர்டின் சொல்லில் ‘ஸ்டைல்’, கிடைக்கிறது. 2 அழுத்தினால் அதற்கு அடுத்த படி. இப்படி ஒன்பது படிகள் உண்டு. எழுத்தின் பருமனும் நிறமும் பிறகு எப்படி மாறினாலும் தகுதி மாறாது. பொருளடக்கம் தேடி வருவது இந்தத் தகுதியைத்தான்.

வேர்டு போட்டுத் தரும் பொருளடக்கத்தின் மேல் ஆல்ட், எஃப்9 அழுத்திப் பாருங்கள். பக்கம் நிறைய இருந்த தலைப்புகளும் புள்ளிகளும் எண்களும் மறைந்து, இரட்டை வளைவு அடைப்புக்குள் ஒற்றை வரி நிற்கும்: டிஓசி என்ற சொல், ஒரு பின்சாய்கோடு, ஓ என்ற எழுத்து, மேற்கோள் குறிக்குள் 1-3. முதல் படியிலிருந்து மூன்றாம் படி வரை உள்ள தலைப்புகளை எடு என்பது அதன் பொருள். பக்கத்தில் எச் என்ற எழுத்து இருந்தால் ஒவ்வொரு வரியும் அழுத்திச் செல்லும் இணைப்பாகும். இந்த ஒற்றை வரி விரிந்துதான் முழுப் பொருளடக்கமும் ஆகிறது. 1-3 என்ற அந்த அளவை முடிவு செய்வதில்தான் தேர்ச்சி தெரியும். எங்கள் மலையில் கொழுந்து பறிப்பவரின் விரல் இரண்டு இலை ஒரு மொட்டோடு நிற்பதுபோல, எந்தப் படியோடு நிறுத்துவது என்று தெரிந்திருக்க வேண்டும். ஒன்றோடு நின்றால் நூல் வழி காட்டாது. ஐந்து வரை போனால் பொருளடக்கமே இன்னொரு நூலாகிவிடும்.

இந்தச் சிந்தனை நமக்குப் புதிதில்லை. சிலப்பதிகாரம் மூன்று காண்டம், 30 காதை: புகாரில் 10, மதுரையில் 13, வஞ்சியில் 7. அதன் பதிகம், மங்கல வாழ்த்து முதல் வரந்தரு காதை வரை, அந்த 30 பெயர்களையும் வரிசையாகச் சொல்கிறது. இரண்டு படித் தலைப்புகள் கொண்ட நூல். அதன் வாசலில் ஒரு பட்டியல். பதிகத்தைப் பின்னால் ஒருவர் சேர்த்திருக்கலாம் என்போர் உண்டு. அப்படியானால் அவர் செய்தது நூலை முழுக்க வாசித்து, அதன் எலும்புக்கூட்டை வெளியே எடுத்து வைத்த வேலை. ஓலைச்சுவடியில் ஏட்டு எண் படிக்குப் படி மாறும். எனவே எண்ணை நம்ப முடியாது. பெயரையும் வரிசையையும்தான் நம்பலாம். யார் எந்த அளவு ஓலையில் படியெடுத்தாலும் அந்தப் பட்டியல் பழுதாகவில்லை. அச்சு வந்தபோது பக்க எண் நிலைத்தது. உ.வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தை அச்சிட்டபோது எல்லோர் கையிலும் ஒரே பக்கம் ஒரே எண்ணோடு இருந்தது. கணினி வந்ததும் பக்கம் மறுபடி இளகிவிட்டது. ஏ4 தாளில் ஓர் எண், ஏ5இல் வேறு எண். ஆகவே வரிசையை நூல் தன்னிடம் வைத்துக்கொள்ள, எண்ணை அவ்வப்போது கணக்கிட்டுத் தரும் ஒரு கை தேவைப்பட்டது. மேக்ரோ அந்தக் கை.

அது எப்படி வேலை செய்கிறது என்பதைத் தேயிலைத் தொழிற்சாலைக் கையேடு ஒன்றை வைத்துப் பார்க்கலாம். இலை வரவு, வாட்டல், சி.டி.சி. வெட்டு, நொதிப்பு, டிரையர், சலித்துத் தரம் பிரித்தல், பேக்கிங். இலை போகும் வழியே அத்தியாயங்களின் வரிசை. ஒவ்வொன்றுக்குள்ளும் தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை, ஓடும்போது கவனிக்க வேண்டியவை, நிறுத்தும் முறை, துப்புரவு. கோப்பைத் தட்டச்சு செய்தவர் எதையும் ஹெடிங் என்று குறிக்கவில்லை. பெரிதாக்கித் தடிக்க மட்டும் செய்திருக்கிறார்.

மேக்ரோ முதல் பத்தியிலிருந்து கடைசிப் பத்தி வரை நடக்கிறது. ஒவ்வொன்றிடமும் சில கேள்விகள்: முழுதும் தடித்த எழுத்தா, 16 பாயின்டா, ஒரு வரிக்குள் அடங்குகிறதா, முற்றுப்புள்ளியில் முடியாமல் இருக்கிறதா. எல்லாவற்றுக்கும் ஆம் என்றால் ஹெடிங் 1. 14 பாயின்ட் என்றால் ஹெடிங் 2. கடைசிக் கேள்விதான் எனக்குப் பிடித்தது. ‘டிரையர் ஓடும்போது கதவைத் திறக்காதீர்கள்.’ என்ற எச்சரிக்கையும் தடித்துப் பெரிதாகத்தான் இருக்கும். தலைப்பையும் எச்சரிக்கையையும் பிரித்துக் காட்டுவது அந்த ஒற்றைப் புள்ளி. எழுத்தில் பழகிய ஒருவரால்தான் இப்படி ஒரு கேள்வியை மேக்ரோவுக்குள் வைக்க முடியும்.

அடுத்தது துடைக்கும் வேலை. தலைப்பு நீளமாக இருந்தால் ஷிஃப்ட், என்டர் தட்டி இரண்டாக மடித்திருப்பார்கள். அந்த மடிப்பு அப்படியே பொருளடக்கத்துக்கும் வந்து வரியை உடைக்கும். மேக்ரோ அதை ஓர் இடைவெளியாக மாற்றுகிறது. தலைப்பின் முடிவில் தொங்கும் முக்காற்புள்ளியையும் நடுவில் கிடக்கும் இரட்டை இடைவெளியையும் எடுக்கிறது. பிறகு ஒரு கேள்வி: கோப்பில் ஏற்கெனவே பொருளடக்கம் இருக்கிறதா? இருந்தால் புதுப்பி, இல்லாவிட்டால் மட்டும் புதிதாகப் போடு. இந்தக் கேள்வியைக் கேட்காத மேக்ரோ, ஓட்டும்போதெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருளடக்கம் அடுக்கும். கேட்கும் மேக்ரோவை இரண்டு முறை ஓட்டினாலும் பத்து முறை ஓட்டினாலும் விளைவு ஒன்றுதான். நல்ல மேக்ரோவுக்கு நான் வைக்கும் முதல் உரைகல் இதுவே.

அடுத்து மேலே ‘பொருளடக்கம்’ என்ற சொல் வர வேண்டும். அதற்கு ஹெடிங் 1 கொடுத்தால் பொருளடக்கம் தன்னையே தன் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். ஆகவே அதற்கென்று தனி ஸ்டைல். அந்தச் சொல்லை மேக்ரோவுக்குள் எழுதுவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. வேர்டில் மேக்ரோ எழுதும் ஜன்னல் யூனிகோடு அறியாதது; விண்டோஸின் பழைய எழுத்து அட்டவணைகளான கோட் பேஜ்களையே நம்பியிருப்பது. தமிழுக்கு அப்படி ஒரு கோட் பேஜ் கிடையாது. அங்கே தமிழில் தட்டினால் கேள்விக்குறிகள்தான் விழும். எனவே எழுத்துகளை எண்களாகச் சொல்ல வேண்டும்: 2986 என்றால் ப, 3018 என்றால் ஒகரக் குறி, 2992 என்றால் ர, 3009 உகரக் குறி, 2995 ள, 2975 ட, 2965 க, 3021 புள்ளி, மறுபடி 2965, பிறகு 2990 ம, கடைசியில் 3021. கண்ணுக்கு ஏழு எழுத்து. உள்ளே 11 எண்கள். மெய்க்குப் புள்ளியும் உயிர்மெய்க்குக் குறியும் தனித்தனியாக வந்து சேர்வதை இந்த வரிசையில் பார்க்கலாம். லிப்ரே ஆபீஸில் இந்தச் சுற்று வேண்டாம். அதன் பேசிக் ஜன்னல் யூனிகோடு அறிந்தது. மேற்கோள் குறிக்குள் தமிழிலேயே எழுதிவிடலாம். காசில்லாமல் கிடைக்கும் அந்த மென்பொருள் இந்த இடத்தில் தமிழுக்கு அதிக மரியாதை தருகிறது.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சான கோப்பு வந்தால் வேறு ஒரு நுட்பம். அங்கே திரையில் ‘அம்மா’ என்று தெரிவதன் அடியில் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள். தலைப்பின் ஸ்டைலில் பாமினி இருக்கும். பொருளடக்க வரியின் ஸ்டைலில் டைம்ஸ் நியூ ரோமன் இருக்கும். பொருளடக்கம் தலைப்பிலிருந்து எழுத்துகளை மட்டும் எடுத்து, தன் ஸ்டைலின் உடையைப் போர்த்திவிடும். உள்ளே நல்ல தமிழ், முன்பக்கத்தில் புரியாத ஆங்கிலக் குவியல். தேர்ந்தவர் எழுதிய மேக்ரோ, பொருளடக்கத்தின் மூன்று படி ஸ்டைல்களுக்கும் தலைப்பின் எழுத்துருவை முதலிலேயே கொடுத்துவிடும். கூடவே வலது ஓரத்தில் டாப் நிறுத்தம், அதுவரை புள்ளி வரிசை. தமிழ்த் தலைப்பு நீண்டு இரண்டாம் வரிக்குப் போனால் அது எண்ணின் மேல் ஏறாதபடி வலப்பக்கம் கொஞ்சம் இடமும் விடும்.

கடைசியில் எண்கள். பொருளடக்கம் ஒரு பக்கத்திலிருந்து இரண்டு பக்கமாக நீண்டால், அதற்குப் பின்னால் உள்ள எல்லாம் ஒரு பக்கம் தள்ளிப் போகும். அப்போது அது சற்று முன் எழுதிய எண்கள் எல்லாமே தவறு. ஆகவே மேக்ரோ முதலில் முழுப் பட்டியலையும் புதுப்பித்து, கோப்பை மறுபடி பக்கம் பிரிக்கச் சொல்லி, பிறகு எண்களை மட்டும் இன்னொரு முறை புதுப்பிக்கிறது. பழைய அச்சகங்கள் ரோமன் எண்ணால் தீர்த்த அதே சிக்கல். நான் இரண்டையும் சேர்த்தே செய்வேன். முன்பக்கங்களைத் தனி செக்‌ஷனாகப் பிரித்து ரோமன் எண் கொடுத்துவிட்டால் உடற்பகுதி அசையவே அசையாது.

இந்த வழியில் பிரான்சிஸின் அந்த மூன்றிடத் தலைப்பையும் இன்றைக்குக் கட்ட முடியும். நூலின் முன்னால் வருவது வழக்கமான பொருளடக்கம். அத்தியாய முகப்பில் வரும் பத்திக்கு, மேக்ரோ ஒரு ஹெடிங் 1இலிருந்து அடுத்த ஹெடிங் 1 வரை நடந்து, இடையில் உள்ள ஹெடிங் 2 அனைத்தையும் நீண்ட கோட்டால் இணைத்து ஒரு புக்மார்க்குக்குள் வைக்கிறது. அடுத்த முறை ஓட்டும்போது அந்த புக்மார்க்கைத் தேடி உள்ளே இருப்பதை மாற்றி எழுதுகிறது. பக்க ஓரத்துக்கு ஸ்டைல்ரெஃப் என்ற ஃபீல்டு இருக்கிறது. ஹெடரில் வைத்தால், அந்தப் பக்கத்தில் வரும் தலைப்பைத் தானே எடுத்துக் காட்டும். புதுத் தலைப்பு எதுவும் இல்லாவிட்டால் முந்திய பக்கத்தில் தொடங்கியதைக் காட்டும். தலைப்பை ஒரே இடத்தில் எழுதுகிறோம். அது மூன்று இடத்தில் ஒலிக்கிறது. ஓரிடத்தில் திருத்தினால் மூன்றும் திருந்துகின்றன. 1908இன் அச்சுக்கோப்பாளர்கள் மூன்று முறை கோத்து மூன்று முறை பிழை பார்த்த வேலை இது. அவர்கள் உழைப்பின் அளவு மேக்ரோவை எழுதிப் பார்க்கும்போதுதான் புரிகிறது.

மேக்ரோவுக்கு ஒரு நல்லொழுக்கமும் வேண்டும். 1999இல் மெலிசா என்ற வைரஸ் பரவியது வேர்டு மேக்ரோவாகத்தான். 2022இலிருந்து இணையத்தில் வந்த கோப்புகளில் உள்ள மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் தானாகவே தடுத்துவிடுகிறது. அது சரியான ஏற்பாடு. மேக்ரோ கடைக்காரரின் கணினியில், நார்மல் டெம்ப்ளேட்டில் இருக்கட்டும். வாடிக்கையாளர் கையில் போவது மேக்ரோ எதுவும் இல்லாத சாதாரண வேர்டு கோப்பாக இருக்கட்டும். வேலை முழுவதையும் ஒரே செயலாகப் பதிவு செய்யும் வசதி வேர்டு 2010இலிருந்து இருக்கிறது. அதைப் பயன்படுத்தியிருந்தால், மேக்ரோ செய்தது பிடிக்கவில்லை என்றால் ஒரே ஒரு கன்ட்ரோல், இசட்டில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். நூற்றுக்கணக்கான மாற்றங்களைச் செய்துவிட்டு, அத்தனையையும் ஒரே தட்டில் திரும்பப் பெற இடம் கொடுக்கும் கருவியிடம் எனக்குத் தனி மதிப்பு உண்டு.

இதனால் பயன்பெறுவோரில் நாம் அதிகம் நினைக்காத ஒருவர் பார்வையற்ற வாசகர். அதே ஹெடிங்குகளைக் கோப்பை பி.டி.எஃப். ஆக்கும்போது பக்கவாட்டுப் பட்டியலாக்கிக்கொள்ளலாம். என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பானில் எச் விசையைத் தட்டினால் குரல் அடுத்த தலைப்புக்குத் தாவுகிறது. பெரிதாக்கித் தடித்த வரி அவருக்குத் தலைப்பே இல்லை. அவர் நூறு பக்கத்தையும் வரிவரியாகக் கேட்க வேண்டியிருக்கும். ஸ்டைல் கொடுத்த தலைப்பு அவரையும் நம்மைப் போலவே நூலைப் புரட்ட விடுகிறது. மேக்ரோ செய்யும் வேலைகளில் மிக உயர்ந்தது இதுதான் என்பேன்.

எல்லாம் செய்தாலும் மேக்ரோவால் ஆகாதது ஒன்று உண்டு: தலைப்பை நன்றாக எழுதுவது. ‘முன்னுரை, ஆய்வு முறை, ஆய்வுப் பகுதி, முடிவுரை’ என்று மட்டும் தலைப்பிட்ட அறிக்கையின் பொருளடக்கம், எண்கள் எவ்வளவு நேர்த்தியாக நின்றாலும், எதையும் சொல்லாது. அந்தப் பட்டியல் எந்த அறிக்கைக்கும் பொருந்தும். ‘டிரையர்’ என்பதைவிட ‘டிரையரை நிறுத்தும் முறை’ மேல். இரவு ஷிஃப்டில் மின்சாரம் போகும்போது தேடப்படும் தலைப்பு அதுதான். ஆகவே பொருளடக்கம் வந்து விழுந்ததும் அதை மட்டும் தனியாக அச்செடுத்து, கையேட்டை இதுவரை பார்க்காத ஒரு ஷிஃப்ட் மேற்பார்வையாளர் கையில் கொடுங்கள். அவருக்கு அன்றாடம் எழும் சந்தேகங்களுக்கு எந்தப் பக்கம் புரட்டுவார் என்று கேளுங்கள். அவர் விரல் தயங்கும் இடத்தில் திருத்த வேண்டியது பட்டியலை இல்லை, நூலை. அதைத் திருத்திய பிறகு மேக்ரோவை மறுபடி ஓட்டிக்கொள்ளலாம்.